தலைக்கு 150 ரூபாயும் எட்டு நிமிட அனாமலி ஸ்கேனும்: ஓர் இளம் மருத்துவருக்குப் பதில்

கேள்வி:

மேடம், எம்.பி.பி.எஸ். முடித்து, அரசு மருத்துவக் கல்லூரியில் ஆறு மாத ஸ்கேன் பயிற்சி எடுத்து, தேர்விலும் தேறியவள் நான். தென்மாவட்டத்தில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் மாலை நேரம் பார்க்கிறேன். ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் முப்பது ஸ்கேன் வரும். அதில் எட்டு, ஐந்தாம் மாதத்தில் குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன். எந்த ஸ்கேனாக இருந்தாலும் எனக்குத் தலைக்கு 150 ரூபாய். அனாமலி ஸ்கேனுக்கு நோயாளியிடம் 1,500 வாங்குகிறார்கள். அதில் 400 அனுப்பிய டாக்டருக்குப் போகிறது. போன மாதம், நான் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் கொடுத்த ஒரு குழந்தை பிறந்த இரண்டாம் நாள் நீலம் பாரித்துவிட்டது. இதயத்தின் பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருந்தனவாம். சென்னையில் ஆபரேஷன் ஆகி இப்போது நலம். அந்த அப்பா என்னிடம் வந்து சண்டை போடவில்லை. “அஞ்சாம் மாசம் பார்த்தப்பவே தெரியாதா டாக்டர்?” என்று மட்டும் கேட்டார். சட்டப்படி எனக்குத் தகுதி இருக்கிறது. அது போதுமா? ஓனரிடம் அதிகப் பணம் கேட்பது பேராசையா? ரேட் ஏறினால் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் ஸ்கேனே எடுக்காமல் இருந்துவிடுவார்களே?

– பெயர் வெளியிட விரும்பாத மருத்துவர்

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

முதலில் உங்கள் மாலை நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு மணி நேரம் என்றால் 240 நிமிடம். முப்பது பேர் என்றால் ஆளுக்கு எட்டு நிமிடம். அதற்குள் ஒருவர் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்து, புடவையைச் சரிசெய்து வெளியே போக வேண்டும். அடுத்தவர் வந்து படுக்க வேண்டும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் கேட்கிற ஃபார்ம் எஃப் படிவத்தில் கையெழுத்தாக வேண்டும். ரிப்போர்ட்டுக்கு அளவுகள் சொல்ல வேண்டும். இவ்வளவும் போனால், புரோப் வயிற்றின் மேல் இருக்கிற நேரம் நான்கைந்து நிமிடம்தான். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 18 வாரம் முதல் 20 வாரம் 6 நாள் வரைக்குள் செய்யும் அனாமலி ஸ்கேனுக்கு, ஒற்றைக் குழந்தை என்றால் குறைந்தது 30 நிமிடமும் இரட்டை என்றால் 45 நிமிடமும் ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கை உங்கள் சென்டரில் வைத்தால் எட்டு அனாமலி ஸ்கேனுக்கே 240 நிமிடம் போய்விடும். மற்ற இருபத்திரண்டு பேருக்கு நேரமே கிடையாது.

அதனால், உங்கள் திறமை போதுமா என்ற கேள்விக்கு இன்றைய நிலையில் யாராலும் பதில் சொல்ல முடியாது. திறமை தெரிய வேண்டுமானால் அதற்கு நேரம் வேண்டும். உங்களுக்கு அது கொடுக்கப்படவே இல்லை. எங்களைப் போல வருடக்கணக்காக கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைகளை மட்டுமே ஸ்கேன் செய்கிறவர்களை உங்கள் நாற்காலியில் உட்கார வைத்தாலும் இதேதான் நடக்கும்.

அந்தக் குழந்தையின் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய ரத்தக்குழாய்கள் இடம் மாறியிருக்கும் குறையில், இதயத்தின் நான்கு அறைக் காட்சி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அறைகளின் அளவு சரியாக இருக்கும், வால்வுகள் ஒழுங்காகத் திறந்து மூடும். அதோடு நிறுத்திக்கொண்டால் குறை கண்ணில் படாது. அங்கிருந்து புரோபைக் குழந்தையின் தலைப்பக்கமாக மெல்லச் சாய்த்து, இடது கீழறையிலிருந்து கிளம்பும் குழாயையும், வலது கீழறையிலிருந்து கிளம்பும் குழாயையும், பிறகு மேல்மார்பில் மூன்று நாளங்கள் வரிசையாகத் தெரியும் காட்சியையும் பார்க்க வேண்டும். இயல்பான இதயத்தில் இரண்டு பெரிய குழாய்களும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும். இந்தக் குறையில் பக்கத்தில் பக்கத்தில் இணையாக ஓடும். குழந்தை தோதாகக் கிடந்தால் இதற்கு ஓரிரு நிமிடம் போதும். முதுகை மேலே காட்டிக் கிடந்தால் எலும்பின் நிழல் இதயத்தின் மேல் விழும். அப்போது அம்மாவை எழுப்பி, கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரச் சொல்லி, மறுபடி பார்க்க வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். எட்டு நிமிட வரிசையில் இதற்கு இடமில்லை.

முன்கூட்டியே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறை கண்டுபிடித்தால் கருவைக் கலைப்பதற்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் குறையில் அப்படியில்லை. குழந்தை இதய சிகிச்சை வசதி உள்ள ஊரிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்திருக்கலாம். பிறந்த உடனே மருந்து ஏற்றி, இதயத்துக்கு வெளியே அந்த இரண்டு பெரிய குழாய்களையும் இணைக்கும் சிறு குழாய் மூடாமல் பார்த்துக்கொண்டு, முதல் சில வாரங்களுக்குள் குழாய்களை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சைக்குப் போயிருக்கலாம். நீலம் பாரித்த குழந்தையோடு ஆம்புலன்ஸில் ஊர் ஊராக ஓடியிருக்க வேண்டாம். அந்த அப்பா கேட்ட கேள்வி நியாயமானது. அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நான்கு அறைகள் இயல்பாக இருந்தன, குழாய்கள் கிளம்பும் இடத்தைத் தெளிவாகப் பார்த்ததற்கு என்னிடம் படம் இல்லை என்பதுதான் உண்மை என்றால், அதை அப்படியே சொல்லுங்கள். மறைத்துப் பேசுவதைவிட அவருக்கும் உங்களுக்கும் அது நல்லது.

அதே சமயம் இன்னொன்றும் உண்மை. மிக நல்ல கைகளிலும் குறைகள் தப்பும். இங்கிலாந்து தன் திட்டத்துக்கு எந்தக் குறையில் நூற்றுக்கு எத்தனையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று 2010-இல் எதிர்பார்ப்பு அளவுகளை எழுதி வைத்தபோது, மண்டையோடு உருவாகாத குறையை நூற்றுக்கு 98, திறந்த முதுகெலும்புப் பிளவை 90, உதட்டுப் பிளவை 75, உதரவிதான ஓட்டையை 60 என்று குறித்தது. கடுமையான இதயக் குறைகளுக்கு அது வைத்த அளவு 50. பயிற்சி, நேரம், தணிக்கை எல்லாம் இருக்கிற ஒரு நாடே பாதியைப் பிடித்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று எழுதியது. அதற்குப் பிறகு மேலே ஏறியிருக்கிறார்கள். ஆனால் தொடக்க அளவை வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் ஏற முடிந்தது. ஸ்கேனுக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் இதை முன்பே சொல்ல வேண்டும். “இந்த ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடாதும்மா, தெரிகிறதை முழுசாப் பார்க்கிறேன்” என்று ஒரு வரி போதும்.

யார், எங்கே செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து பலன் எவ்வளவு மாறும் என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ரேடியஸ் ஆய்வு 1993-இல் வெளிவந்தது. 24 வாரத்துக்கு முன் குறைகளைக் கண்டுபிடித்த அளவு பெரிய சிறப்பு மையங்களில் 35 சதவீதம், மற்ற இடங்களில் 13 சதவீதம். அன்றைய இயந்திரங்கள் பழையவை, இன்று எல்லா எண்களும் உயர்ந்திருக்கின்றன. ஆனாலும் அந்த இடைவெளிதான் என் மனதில் நிற்கிறது. ஒரே நாடு, ஒரே ஆய்வு. ஆனால் குறை பிடிபடுவது வயிற்றில் இருக்கும் குழந்தை எந்த வாசலில் போய் நின்றது என்பதைப் பொறுத்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு மாறுகிறது.

இப்போது தகுதி. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1996 ஜனவரி முதல் அமலுக்கு வந்து, 2003-இல் திருத்தப்பட்டது. பெண் சிசுக்களைக் காப்பதற்கான சட்டம் அது. அந்த வேலையை அது செய்ய வேண்டும், செய்யட்டும். ஆனால் யார் எப்படி ஸ்கேன் செய்யலாம் என்று நம் நாட்டில் சொல்கிற சட்டமும் ஏறக்குறைய அது ஒன்றுதான். 2014-இல் அதன் கீழ் வந்த ஆறு மாதப் பயிற்சி விதிகள் 300 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் கேட்கின்றன. அவற்றை டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2018-இல் நிறுத்தி வைத்தது. நீங்கள் எடுத்த பயிற்சியின் பாடத்திட்டத் தலைப்பை எடுத்துப் பாருங்கள். வயிறு, இடுப்புப் பகுதி ஸ்கேனின் அடிப்படைகள், எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கான முதல் நிலை என்றுதான் இருக்கும். பித்தப்பை, சிறுநீரகம், கர்ப்பப்பை எல்லாம் சேர்ந்துதான் அந்த 300 மணி நேரம். இரண்டாம் நிலை என்ன, அனாமலி ஸ்கேன் செய்ய இன்னும் என்ன தெரிய வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை பேர் பார்க்கலாம் என்பதெல்லாம் அதில் கிடையாது. ஆகவே சட்டப்படி நீங்கள் சரி. அனாமலி ஸ்கேனுக்கு அது தொடக்கம் மட்டுமே. உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. எம்.டி. முடித்தவர்களிலும், குழந்தையின் இதயத்தை முறையாகப் பார்க்கப் பழகாமல் வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள்.

திறமையை எப்படி அளப்பது? எங்கள் துறையில் இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. மூன்றாம் மாத என்.டி. ஸ்கேன். குழந்தையின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது பின்கழுத்துத் தோலுக்கு அடியில் உள்ள நீர்ப்படலத்தை அளக்கிறோம். நீளம் 45 மி.மீ. இருக்கும்போது நடு அளவு 1.2 மி.மீ., 84-இல் சுமார் 1.9. இவ்வளவு சின்ன அளவில் ஒருவர் தொடர்ந்து 0.3 மி.மீ. குறைத்து அளந்தால், அவர் பார்க்கிற ஒவ்வொரு பெண்ணின் டவுன் சிண்ட்ரோம் கணக்கும் தவறிப்போகும், அவருக்கே தெரியாது. அதனால் லண்டனில் உள்ள, கருவிலிருக்கும் குழந்தைகளுக்கான மருத்துவ அமைப்பான ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன், இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்தி, நாம் அனுப்பும் படங்களைத் திருத்தித்தான் சான்றிதழ் தருகிறது. அதோடு விடுவதும் இல்லை. நம் அளவுகளை வருடாவருடம் வாங்கி, நடு அளவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சொல்கிறது. கையை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் நான் தரம் என்று சொல்வேன். எத்தனை ஆயிரம் ஸ்கேன் செய்திருக்கிறேன் என்கிற எண்ணிக்கைக்கு அதில் பெரிய இடமில்லை. ஒரே தவறை ஆயிரம் முறை செய்தாலும் எண்ணிக்கை ஏறும்.

இந்தப் பாடத்தை நீங்கள் இந்த வாரமே தொடங்கலாம். அனாமலி ஸ்கேனுக்கு அதே மாதிரி தணிக்கை நம் ஊரில் யாரும் நடத்தித் தருவதில்லை. நாமே செய்துகொள்ள வேண்டும். பிரான்ஸில் நடந்ததை இங்கே சொல்வது உதவும். 2000 நவம்பரில் பெருஷ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கர்ப்பத்தில் அம்மாவுக்கு வந்த ருபெல்லா தொற்று கண்டுபிடிக்கப்படாமல் தவறவிடப்பட்டு ஊனத்தோடு பிறந்த குழந்தையே நஷ்டஈடு கேட்கலாம் என்றது. அது ஸ்கேன் வழக்கே இல்லை. ஆனாலும் கர்ப்பகால ஸ்கேன் செய்யும் டாக்டர்கள் அஞ்சிப்போனார்கள், காப்பீட்டுத் தவணை எகிறியது, இந்தக் கட்டணத்தில் இந்தப் பொறுப்பைச் சுமக்க முடியாது என்று 2002 தொடக்கத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மார்ச்சிலேயே சட்டம் திருத்தப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து நடந்ததுதான். 2005-இல் ஒரு தேசிய நிபுணர் குழு உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்கேனிலும் எந்தெந்தக் காட்சிகளைப் படமாகச் சேமிக்க வேண்டும், ரிப்போர்ட்டில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. கட்டணம், பொறுப்பு, தரம் மூன்றையும் தனித்தனியாகப் பேச முடியாது என்று அந்த நாடு கொஞ்சம் வலியோடுதான் கற்றுக்கொண்டது.

அதே மாதிரி நீங்களும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மூளையின் மூன்று குறுக்குவெட்டுகள், மேல் உதடு, முதுகெலும்பு நெடுக்காக, இதயத்தின் நான்கு அறை, இரண்டு வெளியேறும் குழாய்கள், மூன்று நாளங்கள், வயிறு, தொப்புள்கொடி சேரும் இடம், சிறுநீரகங்கள், சிறுநீர்ப்பை, கை கால்கள், நஞ்சுக்கொடியின் இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், இதயத்துக்கு மட்டும் சில விநாடி வீடியோ. இவை சேமிப்பில் இல்லாமல் ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது. மாதம் பத்து ஸ்கேனைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, பெயரை மறைத்து, மூத்தவர் ஒருவரிடம் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பிரசவம் ஆன பிறகு போன் செய்து குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்து நோட்டில் குறித்துவையுங்கள். தப்பியது எது என்று தெரியாமல் கை திருந்தாது.

இங்கே ஒரு விஷயத்தில் நான் கடுமையாகத்தான் பேசுவேன். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே அடித்து வைத்திருக்கும் டெம்ப்ளேட் ரிப்போர்ட். குழந்தையின் இரு வெளியேறும் குழாய்களும் இயல்பு, உதடு இயல்பு, விரல்கள் இயல்பு என்று எல்லா வரியும் முன்பே இருக்கும். பெயரையும் அளவுகளையும் மட்டும் மாற்றி அச்சடித்துவிடுகிறார்கள். பார்க்காததை இயல்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது பொய். பெண் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறாள், வேறு எங்கேயும் பார்க்கத் தேவையில்லை என்று நம்புகிறாள். நாளையிலிருந்து உங்கள் டெம்ப்ளேட்டில் எல்லா வரியையும் காலியாக வையுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாததைத் ‘தெளிவாகத் தெரியவில்லை, ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்’ என்று எழுதுங்கள். மறுபடி வருவதற்குக் காசு வாங்கக் கூடாது. இதற்கு நேரம் கிடைக்க, அனாமலி ஸ்கேனை 18லிருந்து 20 வாரத்துக்குள் அனுப்பும்படி மகப்பேறு டாக்டர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் கடுமையான குறைகளுக்கு 24 வாரம் வரை இடம் தருகிறது. அதற்கு மேல் மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும். 23-ஆம் வாரத்தில் முதல் ஸ்கேனுக்கு வந்தால் மறுபரிசோதனைக்கும் யோசிக்கவும் அந்தக் குடும்பத்துக்கு நாளே இருக்காது.

சரி, பணம். பேராசையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருப்பது உங்கள் பெயர். ஃபார்ம் எஃப்-இல் இருப்பது உங்கள் கையெழுத்து. அந்தப் படிவத்தில் விடுபடுவதை வெறும் எழுத்துப் பிழை என்று ஒதுக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. முதல் குற்றத்துக்கே மூன்று வருடம் வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்ற 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நோயாளி நுகர்வோர் நீதிமன்றமும் போகலாம். இவ்வளவு பொறுப்பையும் உங்கள் தலையில் வைத்துவிட்டு, ஆறாவது வார இதயத்துடிப்பைப் பார்க்கவும் 150, குழந்தையின் உச்சி முதல் பாதம் வரை பார்க்கவும் 150 என்றால், அந்தச் சம்பள முறையே உங்களை அவசரப்படுத்துகிறது. நிதானமாகப் பார்க்கிற நாளில் உங்கள் வருமானம் குறைகிறது. இப்படி ஒரு முறையில் நல்லவர்களும் வேகமாகத்தான் பார்ப்பார்கள். தோள்பட்டையும் மணிக்கட்டும் வலிக்க ஆரம்பித்திருக்குமே? ஸ்கேன் செய்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த வலியோடுதான் வேலை செய்கிறார்கள். எண்ணிக்கைக்குச் சம்பளம் அதையும் கூட்டும்.

அமெரிக்காவில் சாதாரண ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு ஒரு பில்லிங் குறியீடும், காரணம் இருந்தால் மட்டும் செய்கிற விரிவான ஸ்கேனுக்குக் கூடுதல் தொகையுள்ள வேறு குறியீடும் வைத்திருக்கிறார்கள். என்.டி. அளவுக்கு 2007-இல் தனிக் குறியீடு வந்தது. அங்கேயும் பிரச்சினைகள் நிறைய. விரிவான குறியீட்டை எல்லோருக்கும் போட்டுக் காசு பார்க்கிறவர்களும் உண்டு. ஆனால் வேலையின் கனத்துக்கு ஏற்ப ஊதியம் என்ற அடிப்படையாவது இருக்கிறது.

பணம் எங்கிருந்து வரும் என்று ஓனர் கேட்பார். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அனுப்பிய டாக்டருக்கு 400. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகளில் 6.4-ஆவது பிரிவு, நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. எல்லா ஊரிலும் நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது. அந்த 400-ஐ நிறுத்தினால் உங்களுக்கு 250 கூட்டி 400 ரூபாயாகக் கொடுக்கலாம், நோயாளியிடம் 150 குறைத்து 1,350 வாங்கலாம், ஓனரின் பங்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது. கூலி வேலைக்குப் போகிற பெண்ணின் கூலியிலிருந்து போகிற பணம் அது. அவளுக்கு ஒரு நிமிடம்கூட அதனால் கூடுதலாகக் கிடைப்பதில்லை. தரம் உயர்ந்தால் ரேட் ஏறும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். ஏற வேண்டிய அவசியம் இல்லை என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

கமிஷனை நிறுத்தினால் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள் என்பார் ஓனர். சிலர் நிறுத்துவார்கள்தான். நஷ்டமே வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மகப்பேறு டாக்டர்களுக்கும் பயம் உண்டு. தப்பிய குறைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். படத்தோடு, பார்த்தது பார்க்காதது பிரித்து எழுதிய ரிப்போர்ட்டும், சந்தேகம் வந்தால் அன்றைக்கே ஒரு போனும் போனால் கமிஷனை எதிர்பார்க்காமல் அனுப்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சின்ன ஊர் சென்டர்கள் சில அப்படித்தான் நிற்கின்றன.

ஓனரிடம் போகும்போது சம்பளத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு மாத ரிஜிஸ்டரை எடுத்துப் போங்கள். எட்டு அனாமலி ஸ்கேனையும் மாலையிலிருந்து எடுத்துவிட்டு, அப்பாயின்ட்மென்ட்டோடு காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, அரை மணிக்கு ஒருவர், எட்டுப் பேர். தலைக்கு 400 என்றால் 3,200 ரூபாய். மாலையில் மீதி இருபத்திரண்டு பேருக்கு ஆளுக்குப் பத்து, பதினோரு நிமிடம் வரும். ஆரம்ப ஸ்கேனுக்கும், குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் குரோத் ஸ்கேனுக்கும் அது இறுக்கம்தான், ஆனாலும் செய்ய முடியும். வாரத்தில் எல்லாக் காலையும் உங்களால் முடியாது. மூன்று நாள் நீங்கள், மூன்று நாள் இன்னொரு டாக்டர். புதிதாக வருகிறவரின் பெயரைச் சென்டர் பதிவில் சேர்க்க மாவட்ட அதிகாரிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அதை மறக்க வேண்டாம். டாக்டர் கிடைக்கவில்லை என்று டெக்னீஷியனைப் புரோப் பிடிக்க வைத்து உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏழைப் பெண்களைப் பற்றிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. 2011 முதல் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் உட்பட பரிசோதனைகள் இலவசம். மாதம் 9-ஆம் தேதி சிறப்பு முகாமும் உண்டு. அங்கே கூட்டம் அதிகம், உங்கள் எட்டு நிமிடம்கூடக் கிடைக்காத இடங்கள் உண்டு. அதனால்தான் பலர் கடன் வாங்கியாவது உங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்கு அடிப்படை அனாமலி ஸ்கேனை முழுமையாக, ஒரே விலையில் கொடுங்கள். இதயத்தை விரிவாகப் பார்க்கும் தனி ஸ்கேன், காரணம் உள்ளவர்களுக்கு மட்டும். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை, முதல் குழந்தைக்கு இதயக் குறை, என்.டி. கூடுதல், சொந்தத்தில் கல்யாணம் போன்றவை. அதை உங்களைவிடத் தேர்ந்தவரிடம் அனுப்புங்கள். 4டி முகப் படத்தை மருத்துவம் என்று சொல்லி விற்கக் கூடாது. கட்டணத்தை ரிசப்ஷனில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு, வீட்டுச் சூழல் இடம் கொடுத்தால் ஓராண்டு ஃபீட்டல் மெடிசின் ஃபெல்லோஷிப் போங்கள். முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாள், பெரிய ஊரில் நல்ல மையம் ஒன்றில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்க நீங்கள் புரோப் பிடியுங்கள். வார இறுதிக் கருத்தரங்குகள் கேட்க நன்றாக இருக்கும், கை அதில் பழகாது. அந்த ஒரு நாளுக்கான சம்பளத்தையும் ஓனரிடம் கேளுங்கள். உங்கள் கை தேறினால் பயன் அவர் சென்டருக்கும்தான். காலை ஏற்பாடும் முடியாது, ‘தெளிவாகத் தெரியவில்லை’ என்று எழுதவும் கூடாது என்று அவர் சொன்னால், அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். முதல் மறுப்பிலேயே வர வேண்டாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே. அந்தக் குழந்தையின் ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டையும் அப்படியே நகலெடுத்து வையுங்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல். உங்கள் பெயரில் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். சென்டர் எடுத்திருக்கும் பாலிசி சென்டரை மட்டும் காப்பதாக இருக்கலாம். இல்லையென்றால் உங்கள் பெயரில் ஒன்று எடுத்துவிடுங்கள். புது பாலிசி பழைய ஸ்கேன்களுக்குப் பொருந்துமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.